காற்றுக்குக் கழித்தது

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு.
பேக்கரிக் கண்ணாடியில் யாரோ
பட்டர் பன் பிசுக்கு விரலால் எழுதிவிட்டுப் போனது.
மூன்று நாளாயிற்று. சென்னியப்பன் துடைக்கவில்லை.

உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பொழுதோட ஆறரைக்குக் கூடுகிறவர்கள் நாங்கள்:
கோழித்தீவனம் ஏற்றுகிற மருதாசலம்,
நூல்மில் லூர்துசாமி,
வீடு வீடாய் பிரீமியம் வசூலிக்கும் நான்,
மகளைக் காலேஜில் சேர்க்க வந்த அன்று
ஆட்டம் பார்த்து மாட்டிக்கொண்ட ரங்கநாயகி அக்கா.
மகள் கணிதம் படிக்கிறாள்.
பந்து இருக்கும் பக்கமே போனதில்லை.

லீக்கில் ஒன்பதுக்கு ஒன்பது.
நாக்அவுட்டில் முதல் ஆட்டமே கடைசி.

"அந்த ஃப்ரீ த்ரோ ஒண்ணு..."
மூன்று நாளாக மருதாசலம் இப்படித்தான் தொடங்குகிறார்.
"நாலு செகண்டு. ரெண்டு புள்ளி பின்னாடி. கையில ரெண்டு பந்து.
கண்ணக் கட்டிவிட்டாலும் போடுவாளுங்க நித்திலா.
மொதப் பந்து எடது வளையத்துல பட்டுத் தெறிக்குது.
என்ன கெரகமோ!"

லூர்துசாமிக்குக் கோச் மேல் கோபம்.
ரிஸ்வானாவை மூன்றாம் குவார்ட்டர் முழுக்க
பெஞ்சில் உட்கார வைத்தது யார்?
"நாலு ஃபவுலுங்க, என்ன பண்ணுவாரு?" என்றேன்.
"அஞ்சாவதை மிச்சம் புடிச்சு
பேங்குலயா போடப் போறாரு?"

ரங்கநாயகி அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"நம்ம கிரவுண்டுல வளையம் எந்தப் பக்கம்?"
"வடக்கயும் தெக்கயும்."
"அவ எப்பவும் போட்டுப் பழகறது?"
"வடக்க."
"காத்து?"

யாரும் வாய் திறக்கவில்லை.
ஆனியில் ஆரம்பித்து ஆவணி தாண்டியும் நிற்காத மேகாத்து.
கணவாய் வழியே வந்து காற்றாலைகளைச் சுற்றிவிட்டு
காயப்போட்ட சேலையைப் பக்கத்துத் தோட்டத்தில் சேர்த்து
பைக்கைச் சாய்த்தே ஓட்ட வைக்கிற காத்து.

"ரெண்டு வருசமா அந்தப் புள்ள
எடது பக்கம் ஒரு கையளவு தள்ளித்தானுங்க போடுது.
காத்து கொண்டாந்து உள்ள விட்டுரும்.
திருச்சியில மேல கூரை, சுத்தியும் சுவரு.
காத்துக்குக் கழிச்சுப் போட்டா.
கழிச்சது கழிச்ச எடத்துலயே நின்னு போச்சு."

"அப்ப ரெண்டாவது?"

"அது நேரா உளுந்துச்சல்ல.
ஒத்தப் பந்துல கத்துக்கிட்டா."

திட்ட ஆள் கிடைக்காமல்
கொஞ்ச நேரம் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு வரப்போகிற வருசம்.
மூன்று பேர் படிப்பு முடித்துப் போகிறார்கள்.
கௌசிகாவுக்கு ரயில்வே டிரையல்.
தேன்மொழிக்குத் தை பிறந்தால் கல்யாணம்.
மாப்பிள்ளை பல்லடம், கறிக்கோழிப் பண்ணை.
"ஆடலாம்" என்றாராம்.
எங்கே என்று சொல்லவில்லையாம்.
குண்டடத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள்,
ஐந்தடி பதினொன்று.
"கையி மொழங்காலத் தொடுதுங்க" என்றார் மருதாசலம்,
நேரில் அளந்தவர்போல.
"ஒசரஞ் செரி. பந்து புடிக்குமா?"

அப்போதுதான் நித்திலா உள்ளே வந்தாள்,
ஹாஸ்டல் தோழியோடு.
"எட்டுத் தேங்காய் பன்னுங்கண்ணா."
லூர்துசாமி செய்தித்தாளை விரித்தார்.
தலைகீழாக.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.
தலையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தாள்.
"இந்த எட்டு ஆறு மாதிரி இருக்குதுங்கண்ணா.
பாக்கறவங்க நாங்க ஜெயிச்சதா நெனச்சுக்குவாங்க."
விரலால் மேல்வளைவை மூடிவிட்டாள்.
எட்டு.

அக்காதான் கேட்டார், "உங்களுக்கு என்ன வேணுஞ் சாமி?"

"ஒரு நா முன்னாடியே போயி அந்த ஹாலுல போட்டுப் பாக்கோணுமுங்க.
லாட்ஜுக்குக் காசில்லைன்னு ராத்திரி பஸ்ஸுல போயி
எறங்கினதும் ஆடினோம்."
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
போய்விட்டாள்.

சென்னியப்பன் கேக் டப்பா மூடி ஒன்றைக் கிழித்தார்.
பேர் எழுதினோம், தொகை எழுதினோம்.
வாசல் வழியாக வந்த காற்று அட்டையைத் தூக்க,
அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.
மருதாசலம் ஐந்நூறு எழுதி, அடித்து,
முந்நூறாக்கி, பேனாவைக் கீழே வைக்காமல் சொன்னார்:

"அதெல்லாஞ் செரிங்க.
ரீபவுண்டு யாரு எடுப்பா?
அதச் சொல்லுங்க மொதல்ல."